‘எந்தப் படம்?’ என்ற கேள்விக்கு வெளியே: யேசுதாஸ், தரங்கிணி, திருவனந்தபுரம்

ஒரு பாட்டு காதில் விழுந்ததும் இந்தியாவில் எழும் முதற்கேள்வி பெரும்பாலும் ‘எந்தப் படம்?’ என்பதே. இராகம், இசையமைத்தவர், எழுதியவர் ஆகியோரைப் பற்றிய விசாரிப்பு அதற்குப் பின்னரே வரும். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் நிற்பதுபோல, பாட்டின் வரலாற்றில் திரைப்படத்தின் பெயர் நிற்கிறது. ஓணக் காலத்தில் திருவனந்தபுரத்தில் ஒலிக்கும் பாடல்களுள் ஒரு பகுதி இக்கேள்விக்கு விடை தராதவை. ‘மாமாங்கம்’ என்ற சொல்லில் தொடங்கும் பாடல் அவற்றுள் ஒன்று. 1984இல் ‘தரங்கிணி’ நிறுவனம் வெளியிட்ட ‘வசந்தகீதங்கள்’ என்ற தொகுப்பில் அது இடம்பெற்றது. எழுதியவர் பிச்சு திருமலா, இசை ரவீந்திரன், பாடியவர் கே. ஜே. யேசுதாஸ். எந்த நாயகனும் வாயசைக்காத அப்பாடல் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மலையாள மேடைகளில் பாடப்படுகிறது. வெகுமக்கள் பாடகர் ஒருவர் தம்மைப் புதிதாக வகுத்துக்கொள்ள முனைந்தபோது இந்தியச் சூழலில் அவர் கடக்க வேண்டியிருந்த தடைகள் எவை என்பதை விளங்கிக்கொள்ள இத்தொகுப்பு நல்ல வாயிலாகும்.

மேற்கத்திய இசை வரலாற்றில் ‘பாடகரின் மறுபிறப்பு’ பழகிப்போன ஒரு கதைவடிவம். தனித்தனி வெற்றிப் பாடல்களால் அறியப்பட்ட ஒருவர் ஒருநாள் ஒரே மனநிலையில் கோத்த முழுத்தொகுப்பு ஒன்றைத் தருகிறார். அதன்பின் அவர் கலைஞராக மதிக்கப்படுகிறார். 1955இல் ஃபிராங்க் சினாட்ரா வெளியிட்ட ‘இன் த வீ ஸ்மால் அவர்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. 1960இல் அவர் ‘ரிப்ரைஸ்’ என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினார். மோட்டவுன் நிறுவனத்தின் காதல் பாடல்களால் புகழ்பெற்ற மார்வின் கே 1971இல் போர், வறுமை, சூழல் ஆகியவற்றைப் பாடுபொருளாக்கி ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பைத் தந்தபோது, நிறுவனத் தலைவரின் தயக்கத்தை எதிர்த்தே அது வெளிவந்தது. இக்கதைகளில் பாடகரின் எதிர்நிலையில் நிற்பது சந்தை. பாடகரின் பெயரில்தான் இசைத்தட்டு வெளிவரும் என்பது அங்கே முன்னரே தீர்ந்துபோன ஒன்று.

இந்தியப் பின்னணிப் பாடகரின் நிலை வேறு. அவர் குரல் திரையில் இன்னொருவரின் உடலில் வாழ்ந்தது. பாடலின் சூழலை இயக்குநர் வகுத்தார்; மெட்டை இசையமைப்பாளர் தந்தார்; பதிவின் உரிமை தயாரிப்பாளரிடம் இருந்து இசைத்தட்டு நிறுவனத்துக்குச் சென்றது. சட்டமும் இந்நிலையை உறுதிசெய்தது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவரையும் இசையமைத்தவரையும் படைப்பாளிகளாக ஏற்றது. ஒலிப்பதிவைப் பொறுத்தவரை அதன் மூலத்தட்டுக்கு உரியவரே உரிமையாளர் என்றது. பாடுபவருக்கென அதில் இடமே இல்லை.

இந்த இடைவெளி 1977இல் உச்ச நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை திரைப்படத்துக்காக எழுதப்பட்ட பாடலின் உரிமை தயாரிப்பாளரையே சேரும் என்று தீர்ப்பாயிற்று. அமர்வில் இருந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் தனிக்குறிப்பு ஒன்றை அத்தீர்ப்புடன் இணைத்தார். இசைக்கு உயிரூட்டுபவர் பாடகர். ஆனால் இந்தியச் சட்டத்தின் கண்ணுக்குப் பாடகர் தென்படவில்லை. சட்டமன்றம் இதைத் திருத்த வேண்டும் என்பது அக்குறிப்பின் சாரம். பாலக்காட்டில் பிறந்து, 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் பணியாற்றிய ஒருவரின் கவலை அது. நிகழ்த்துநர் உரிமை என்ற கருத்து சட்டத்தில் நுழைய 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாடகருக்கு உரிமத்தொகையில் பங்கு என்பது 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் உறுதியாயிற்று.

இந்தப் பின்புலத்தில் 1980ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் ‘தரங்கிணி’ ஒலிப்பதிவுக் கூடத்தை நிறுவினார். நீதிபதியின் குறிப்புக்கும் பாடகரின் முடிவுக்கும் நேரடித் தொடர்பு தேட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே முட்டுச்சந்தில் நின்ற ஒரே காலத்தின் குரல்கள். பாடுபவர் என்ற நிலையில் உரிமை கிடையாது எனச் சட்டம் சொல்லும்போது, பதிவின் உரிமையாளராக மாறுவதே பாடகருக்குத் திறந்திருந்த வழி. அமெரிக்கப் பாடகருக்குக் கலைத்துணிவு முதலிலும் நிறுவனம் பின்னரும் வந்தன. இங்கே நிறுவனம் முதலில் வர வேண்டியிருந்தது.

யேசுதாஸ் அந்நகருக்குப் புதியவர் அல்லர். 1940இல் ஃபோர்ட் கொச்சியில், நாடக நடிகரும் பாடகருமான அகஸ்டின் ஜோசப்பின் மகனாகப் பிறந்த அவர், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியில் பயின்றபின், திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1939இல் இசை அகாடமியாகத் தொடங்கிய அந்நிறுவனத்தின் முதல் முதல்வர் நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவரைத் தொடர்ந்து பொறுப்பேற்றவர் செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர். சுவாதித் திருநாளின் அவையில் தஞ்சை வடிவேலு இருந்த காலம் தொட்டுத் தமிழகத்துக்கும் வேணாட்டுக்கும் இடையே நடந்துவந்த இசைப் போக்குவரத்தின் நவீனத் தொடர்ச்சி அது. பொருள்வசதி இன்மையால் யேசுதாஸ் அங்கே படிப்பை முடிக்க இயலவில்லை. ஆயினும் அக்கல்லூரி அவருக்கு இரண்டு உறவுகளைத் தந்தது. ஒருவர் எம். ஜி. இராதாகிருஷ்ணன், பின்னாளில் திருவனந்தபுரம் வானொலியின் மெல்லிசைக்கு முகவரி ஆனவர். மற்றவர் குளத்துப்புழையிலிருந்து வந்த ரவீந்திரன்.

1961 நவம்பர் 14 அன்று யேசுதாஸின் முதல் திரைப்பாடல் பதிவாயிற்று. ‘கால்பாடுகள்’ படத்துக்காக எம். பி. ஸ்ரீநிவாசன் இசையில் அவர் பாடியது ஸ்ரீ நாராயண குருவின் வரிகள். ஜாதியும் மதப்பகையும் இல்லாத உலகைப் பாடும் அவ்வரிகளோடு ஒரு லத்தீன் கத்தோலிக்க இளைஞரின் இசைவாழ்வு தொடங்கியதை மலையாள நினைவு ஓர் அடையாள நிகழ்வாகவே போற்றிவருகிறது. 1964இல் எஸ். பாலசந்தரின் ‘பொம்மை’ வழியே தமிழ் அவரை அறிந்தது. 1972இல் ‘அச்சனும் பாப்பயும்’ படத்துக்காக முதல் தேசிய விருது வந்தது. அதே காலத்தில் செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பயிற்சியும், கர்நாடக இசைக் கச்சேரிகளும் இடையறாது நடந்தன.

1970களின் முடிவில் அவருக்கு இரண்டு குரல் வாழ்வுகள் இருந்தன எனலாம். ஒன்று மூன்று நான்கு நிமிடங்களில் கதைமாந்தரின் காதலையும் துயரத்தையும் பாடுவது. மற்றொன்று மூன்று மணிநேர மேடையில் கீர்த்தனைகளைப் பாடுவது. முதலாவதில் பாடல் புதியது. ஆனால் பாடகருக்கு அதன்மேல் சொல் இல்லை. இரண்டாவதில் பாடகருக்குச் சொல் உண்டு. ஆனால் பாடல் முன்னோருடையது. இவ்விரண்டுக்கும் நடுவே, பாடகரின் தேர்வில் உருவாகும் புதிய பாட்டு என்ற ஓரிடம் காலியாக இருந்தது. தரங்கிணியின் தொகுப்புகள் அந்த இடத்தை நோக்கி நகர்ந்தன.

அதற்குத் திருவனந்தபுரம் ஏன்? மலையாளத் திரையிசை நெடுங்காலம் சென்னையின் கூடங்களில் உருவாயிற்று. நேமத்தில் மெரிலாண்ட் போன்ற படப்பிடிப்புத் தளங்கள் இருந்தபோதும், பாடகரும் வாத்தியக் கலைஞரும் கோடம்பாக்கத்தைச் சுற்றியே வாழ்ந்தனர். மலையாள சினிமாவைக் கேரளத்துக்குக் கொண்டுவரும் முயற்சியாக 1975இல் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1980இல் திருவல்லத்தில் சித்ராஞ்சலி படப்பிடிப்பு வளாகம் எழுந்தது. அதே ஆண்டில் தரங்கிணியும் தோன்றியது. அரசு படத்தை அழைத்துவர முயன்ற நகருக்குப் பாடகர் ஒலிப்பதிவை அழைத்துவந்தார். வானொலி நிலையம், இசைக் கல்லூரி, கவிஞர்கள், அரசு ஊழியர்களாகிய இரசிகர் கூட்டம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த தலைநகரம் திரைக்கு வெளியே பாட்டு வாழ்வதற்கான மண்ணை முன்னரே பண்படுத்தி வைத்திருந்தது. காவாலம் நாராயணப் பணிக்கர் எழுத, எம். ஜி. இராதாகிருஷ்ணன் இசையமைத்த ‘லளித கானங்கள்’ அம்மண்ணின் விளைச்சல்.

கருவியும் காலத்தோடு வந்தது. இசைத்தட்டு அச்சிடப் பெரிய ஆலையும் முதலும் வேண்டும். அத்தொழில் இந்தியாவில் நெடுங்காலம் கிராமபோன் கம்பெனியின் கையில் இருந்தது. ஒலிநாடாவுக்கு அவ்வளவு தேவையில்லை. 1980களில் கேசட் பரவியதால் இந்திய வட்டார இசைச் சந்தைகள் எவ்வாறு பெருகின என்பதை பீட்டர் மேனுவல் 1993இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். வட இந்தியாவை மையமாகக் கொண்ட அவ்வாய்வில் கண்ட போக்கின் தெற்கத்திய வடிவம் தரங்கிணி. வளைகுடா நாடுகளிலிருந்து கேசட் கருவியோடு ஊர்திரும்பிய மலையாளிகளின் வீடுகள் அதற்கு ஆயத்தமான சந்தை.

திரைக்கு வெளியே பாட்டு விற்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. தமிழகத்தில் அக்காரணம் பெரும்பாலும் பக்தி. முருகன் மீது டி. எம். சௌந்தரராஜன் பாடியவை, சீர்காழி கோவிந்தராஜனின் தனிப்பாடல்கள், நாகூர் ஹனிபாவின் இஸ்லாமியப் பாடல்கள் ஆகியன திரையை நம்பாமல் வீடுதோறும் சென்றன. கேரளத்திலும் முதல் வாயில் அதுவே. 1975இல் வெளிவந்த ‘சுவாமி ஐயப்பன்’ படத்துக்காக ஜி. தேவராஜன் இசையில் யேசுதாஸ் பாடிய ‘ஹரிவராசனம்’ சபரிமலை நடையடைப்பின் பாடலாக நிலைத்ததை நாடறியும். தரங்கிணியின் ஐயப்பன் பாடல்கள் மலையாளம் கடந்து தமிழ் ஊர்களின் கார்த்திகை மாதத்தையும் நிரப்பின. இரண்டாவது வாயில் ஓணம். மதம் கடந்து மலையாளிகள் எல்லாரும் கொண்டாடும் அத்திருவிழா, ஆண்டுதோறும் புதுத் துணி வாங்குவதுபோலப் புதுக் கேசட்டும் வாங்கும் வழக்கத்தை உருவாக்கியது. 1983இல் ஸ்ரீகுமாரன் தம்பியின் வரிகளில் ரவீந்திரன் இசையமைத்த ‘உத்சவ கானங்கள்’ அவ்வழக்கத்தின் தொடக்ககால வெற்றி.

அதற்கடுத்த ஆண்டில் ‘வசந்தகீதங்கள்’ வந்தது. இதைப் புரிந்துகொள்ள ரவீந்திரனின் வழித்தடத்தை அறிய வேண்டும். பாடகராக வேண்டும் என்ற கனவோடு சென்னை சென்ற அவர், சில பாடல்கள் பாடி, நடிகர் ரவிகுமாருக்குப் பின்னணிக் குரல் கொடுத்துப் பிழைத்தார். இசையமைப்பாளராக மாறும்படி தூண்டியவர் கல்லூரித் தோழர் யேசுதாஸ். 1979இல் ‘சூள’ படம் அவருடைய முதல் வாய்ப்பாயிற்று. தாம் பாட விரும்பியதையெல்லாம் தோழரின் குரலில் பாடிப்பார்த்த ஒருவரின் மெட்டுகளாக அவருடைய பாடல்களைக் கேட்பதில் தவறில்லை. மெட்டின் வீச்சு அகன்றது. கீழ்நிலைச் சுரங்களில் தொடங்கி மேல்நிலை வரை ஏறும் பாதை நீண்டது. இராகத்தின் இலக்கணம் மறைக்கப்படாமல் முன்னே நின்றது.

‘மாமாங்கம்’ பாடல் ஆபோகியில் அமைந்தது. கரகரப்பிரியாவிலிருந்து பஞ்சமமும் நிஷாதமும் நீங்கிய ஐந்து சுர இராகம் அது. கோபாலகிருஷ்ண பாரதியின் ‘சபாபதிக்கு’ கீர்த்தனையும், ‘கலைக் கோவில்’ படத்தின் ‘தங்கரதம் வந்தது’ பாடலும் தமிழ்ச் செவிக்கு அதைப் பழக்கியவை. பாடுபொருள், திருநாவாயில் பாரதப்புழைக் கரையில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த மாமாங்கத் திருவிழாவின் நினைவு. தமிழில் பன்னிரண்டு ஆண்டுக் காலத்தையே ‘ஒரு மாமாங்கம்’ என்று சொல்லும் வழக்கை இங்கே எண்ணிப் பார்க்கலாம். சாமூதிரிக்கு எதிராக வள்ளுவநாட்டுச் சாவேர் வீரர்கள் உயிர்விட்ட களம் அது என்பதால், மலையாளிக்கு அச்சொல் கொண்டாட்டத்தையும் இழப்பையும் ஒருசேர நினைவூட்டும். திரைப்பாடல் என்றால் இச்சொல்லுக்கு ஒரு கதைச்சூழல் தேவை. ஒரு வரலாற்றுப் படமாவது தேவை. தொகுப்பில் அது தேவைப்படவில்லை. கேட்பவரின் சொந்த நினைவே சூழலாயிற்று. கதைமாந்தரின் குரலாக இருந்தது சமூக நினைவின் குரலாக மாறியது இந்த இடத்தில்தான்.

இம்மாற்றத்தின் விளைவு தொகுப்போடு நிற்கவில்லை. சிபி மலயில் இயக்கி, லோகிததாஸ் எழுதி, மோகன்லால் தயாரித்து நடித்த ‘ஹிஸ் ஹைனஸ் அப்துல்லா’ (1990), ‘பரதம்’ (1991) ஆகிய படங்களில் ரவீந்திரன் இராகங்களை அவற்றின் முழு உருவில் திரைக்குக் கொண்டுவந்தார். பாடகர்களே கதைமாந்தராக அமைந்த கதைகள் அவை. ‘பரதம்’ யேசுதாஸுக்குத் தேசிய விருதைத் தந்தது. மலையாளத் திரையிசையின் செவ்வியல் சார்ந்த பொற்காலம் என இப்படங்களைச் சுட்டுவது வழக்கம். ஆனால் அதற்கு ஆறேழு ஆண்டுகள் முன்பே, இவ்வகைப் பாட்டைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்கும் பெருந்திரள் உண்டு என்பதைத் திருவனந்தபுரத்துக் கேசட்டுகள் மெய்ப்பித்திருந்தன. திரை கொடுத்ததைத் தொகுப்பு எடுத்துக்கொண்டது என்ற வழக்கமான பார்வையை இங்கே திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. தொகுப்பு ஒத்திகை பார்த்ததைத் திரை அரங்கேற்றியது.

இக்கதையை வெற்றிக்கதையாக மட்டும் எழுதினால் வரலாறு குறைபடும். உரிமையற்ற பாடகர் உரிமையாளரானபோது, எழுதியவரும் இசையமைத்தவரும் எங்கே நின்றனர் என்ற கேள்வி எழுகிறது. கேட்போர் நாவில் அவை ‘யேசுதாஸின் ஓணப் பாடல்கள்’, ‘தரங்கிணிப் பாடல்கள்’ என்றே வழங்கின. திரைப்பாடலில் நாயகனுக்குப் பின்னே மறைந்த பாடகர், தொகுப்பில் முன்னே வந்தார். அவருக்குப் பின்னே இப்போது இசையமைப்பாளர் மறைந்தார். 1986இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ இதற்கு நேர் எதிர்த்திசையில் விடை தேடியது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட அத்தொகுப்பில் இசையமைப்பாளரே ஆசிரியர், வாத்தியங்களே பேசின. இரண்டாண்டு இடைவெளியில் தென்னகம் தந்த இவ்விரு தொகுப்புகளும், திரையிசையில் ‘ஆசிரியர் யார்?’ என்ற கேள்விக்கு இருவேறு விடைகள்.

பெண்குரலின் இடமும் சிந்தனைக்குரியது. கரமனையில் வளர்ந்து, கே. ஓமனக்குட்டியிடம் பயின்று, எம். ஜி. இராதாகிருஷ்ணனால் அறிமுகமான கே. எஸ். சித்ரா அந்நகரின் இசைச் சூழல் ஈன்ற மகள். அவரும் தரங்கிணியில் பாடினார். ஆனால் இன்னொருவரின் நிறுவனத்தில், இணைக்குரலாக. சொந்தக் கூடம் கட்டும் வாய்ப்பு அன்று எல்லாக் குரல்களுக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை.

1992இல் தரங்கிணியின் அலுவலகமும் கூடமும் சென்னைக்கு இடம்பெயர்ந்தன. கேசட்டின் காலமும் பின்னர் முடிந்தது. திரைப்பாடலுக்குத் தணிக்கைச் சான்று, பாட்டுப்புத்தகம், விருதுப் பட்டியல், படப்பெட்டி எனப் பல தடயங்கள் உண்டு. தொகுப்புப் பாடலுக்குப் பெரும்பாலும் கேசட்டின் உள்ளே மடித்து வைத்த அட்டை ஒன்றே ஆவணம். இணையத்தில் ஏறும்போது அவ்வட்டை கழன்றுவிடுகிறது. பாடியவரின் பெயர் எஞ்ச, பிச்சு திருமலாவும் ரவீந்திரனும் உதிர்கின்றனர். வயலினும் குழலும் மிருதங்கமும் வாசித்தவர்களின் பெயர்களோ அட்டையிலேயே அரிதாகத்தான் இருந்தன.

தென்னிந்திய வெகுமக்கள் இசையைப் படம்தோறும் வகைப்படுத்தும் ஆய்வுமுறை வசதியானது. ஆனால் ‘எந்தப் படம்?’ என்ற பழைய கேள்வியையே அது ஆய்வேட்டின் மொழியில் திரும்பக் கேட்கிறது. அம்முறையில் 1984 ஒரு வெற்று ஆண்டாகத் தோன்றக்கூடும். ஒரு பாடகர் தம் குரலுக்குத் தாமே உரியவராகிப் பாடிய ஆண்டாக அது தோன்ற வேண்டுமானால், பழைய கடைகளிலும் வீட்டுப் பரண்களிலும் கிடக்கும் அந்த அட்டைகள் சேகரிக்கப்பட வேண்டும். நூலகங்கள் புத்தகத்துக்கு அளிக்கும் அட்டவணை எண் அவற்றுக்கும் கிடைக்க வேண்டும். நாடாவின் காந்தப்பூச்சு உதிரும் வேகத்தைப் பார்த்தால், அப்பணிக்கு இன்னொரு மாமாங்கம் காத்திருக்க இயலாது.